உலகக் கிண்ணத்தின் கடைசிக் கோல்: ஒரு கையோடு ஆடிய ஹெக்டர் காஸ்ட்ரோ

1930ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி. உருகுவே நாட்டின் தலைநகரான மொன்டிவிடியோவில் முதலாவது உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எதிரணி அயல்நாடான ஆர்ஜென்டீனா. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் உருகுவே 3க்கு 2 என்று முன்னிலையில் இருந்தது. ஆர்ஜென்டீனா சமநிலைக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தது. அப்போது வலது பக்கத்திலிருந்து பப்லோ டொராடோ உயர்த்தி அனுப்பிய பந்துக்கு ஒருவர் எழும்பினார். தலையால் முட்டினார். பந்து கோல் காப்பாளர் பொட்டாசோவைக் கடந்து வலைக்குள் போனது. உலகக் கிண்ணத்தின் முதலாவது இறுதிப் போட்டியின் கடைசிக் கோல் அது.

எழும்பியவருக்கு வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை. பெயர் ஹெக்டர் காஸ்ட்ரோ. கியூபாவின் காஸ்ட்ரோவுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இந்தக் குடும்பப் பெயர் மிகச் சாதாரணமானது.

காஸ்ட்ரோ 1904 நவம்பர் 29ஆம் திகதி மொன்டிவிடியோவில் பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. 10 வயதிலேயே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். 13 வயதில் மின்வாளில் வேலை செய்துகொண்டிருந்தபோது வாள் அவரது வலது முன்கையைத் துண்டித்தது.

இந்த விபத்தை அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரியில் எழுதிவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அந்தக் காலத்து உருகுவே பின்தங்கிய நாடு அல்ல. ஹொசே பட்லே என்ற ஜனாதிபதியின் காலத்தில் தொழிலாளர் சட்டங்களில் இலத்தீன் அமெரிக்காவுக்கே வழிகாட்டியாக இருந்த நாடு. எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1915இல் அங்கே வந்துவிட்டது. இயந்திரங்களில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்ற சட்டம் அதற்கும் ஒரு வருடம் முந்தியது. அத்தனையும் காகிதத்தில் இருக்கும்போதுதான் ஒரு 13 வயதுப் பையன் மின்வாளின் முன்னால் நின்றிருக்கிறான். வேலையில் காயப்படுபவர்களுக்கு நட்டஈடு கொடுப்பதை ஒழுங்குபடுத்திய சட்டம் 1920இல் வந்தது. அப்போது காஸ்ட்ரோவின் கை போய் இரண்டு மூன்று வருடங்கள் ஆகிவிட்டன.

சட்டம் இருப்பதற்கும் அது ஒரு பிள்ளையின் கையைக் காப்பாற்றுவதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி நமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உதைபந்தாட்டத்துக்குக் கை எதற்கு என்று கேட்கலாம். விளையாடியவர்களுக்குத் தெரியும், நிறையத் தேவை. ஓடும்போது உடலைச் சமநிலையில் வைத்திருப்பது கைகள்தான். தலையால் முட்ட எழும்பும்போது உந்து தருவதும் கைகள்தான். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பின்கள வீரரைத் தள்ளி வைப்பது கை. விழும்போது நிலத்தில் முதலில் ஊன்றுவது கை. சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்கே இரண்டு கை வேண்டும். பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிவதற்கு இரண்டு கைகளையும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே காஸ்ட்ரோவால் அந்த ஒன்றை மட்டும் வாழ்நாள் முழுவதும் செய்ய முடிந்திருக்காது. அவர் முன்கள வீரர். எறிவது பெரும்பாலும் மற்றவர்களின் வேலை.

மற்ற எல்லாவற்றுக்கும் அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். உடலைச் சற்று மாற்றிச் சாய்த்து ஓடப் பழகினார். எஞ்சியிருந்த கைத்துண்டு வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பந்துக்கு எழும்பும்போது அதை எதிராளியின் மீது இடித்துவிட்டு, நடுவர் திரும்பிப் பார்க்கும்போது எதுவும் நடக்காதவர்போல நிற்பார் என்று அந்தக் காலத்து எதிரணியினர் முறையிட்டதாக ஒரு கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1930 இறுதிப் போட்டியில் பொட்டாசோவும் அப்படியொரு இடி வாங்கினார் என்பார்கள். உண்மை எவ்வளவு, வளர்ந்த கதை எவ்வளவு என்பது வேறு. ஆனால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். இதில் காஸ்ட்ரோ இரக்கத்துக்குரியவராக இல்லை. சக வீரர்கள் பயப்பட வேண்டிய ஒரு முரட்டு முன்கள வீரராக இருக்கிறார்.

1921இல், 17 வயதை எட்டும் முன்பே, லீட்டோ என்ற சிறிய கழகத்தில் ஆடத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் நாட்டின் இரண்டு பெரிய கழகங்களில் ஒன்றான நாசியோனல் அவரை எடுத்துக்கொண்டது. மற்றைய பெரிய கழகம் பெனரோல். மொன்டிவிடியோவில் ஒரு பிள்ளை பிறந்தால் அது இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பது பெயர் வைக்கும் முன்பே தீர்மானமாகிவிடும்.

அந்த நாட்களில்தான் எல் மான்கோ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய மொழியில் கை இழந்தவன் என்று பொருள். கோல்கள் கூடக்கூட அதற்கு முன்னால் தெய்வீக என்ற அடைமொழியும் சேர்ந்தது. தெய்வீகக் கையில்லாதவன். கேட்பதற்கு நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அவயவம் இழந்த ஒருவரை அவரது இழப்பையே பெயராக்கி அழைக்கும் வழக்கம் நமது ஊர்களிலும் இருந்தது, இன்னும் இருக்கிறது. போருக்குப் பின்னர் எவ்வளவோ பேர் கை, கால், கண் இழந்து நம் மத்தியில் வாழத் தொடங்கியபோதுதான் மாற்றுத்திறனாளிகள் போன்ற சொற்களை நாம் பழகிக்கொண்டோம். நல்லதுதான். ஆனால் சொல் மாறிய வேகத்தில் வேலை கொடுப்பவர்களின் மனம் மாறவில்லை. காஸ்ட்ரோவின் விடயத்தில் தலைகீழாக நடந்தது. சொல் முரட்டுத்தனமாகவே இருந்தது. ஆனால் அணியில் அவருக்கு உரிய இடம் கொடுக்கப்பட்டது.

உருகுவே அன்று 20 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நாடு. ஒரு பக்கம் பிரேசில், மறுபக்கம் ஆர்ஜென்டீனா. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நெருக்குப்பட்டுக் கிடக்கும் சின்னத் துண்டு நிலம். அந்த நாடு 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஓர் அணியை அனுப்பி உதைபந்தாட்டத்தில் தங்கம் வென்றது. அந்த அணியில் காஸ்ட்ரோ இல்லை. அவரது காலம் 1926இல் வந்தது. அந்த வருடம் சிலியில் நடந்த தென் அமெரிக்கச் சம்பியன் போட்டியில் உருகுவே வென்றபோது அவர் அணியில் இருந்தார்.

இரண்டு வருடங்கள் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். அங்கே இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளும் ரியோ டி லா பிளாட்டா என்ற ஒரே ஆற்று முகத்துவாரத்தின் இரண்டு கரைகளிலிருந்து வந்தவை: உருகுவேயும் ஆர்ஜென்டீனாவும். 1928 ஜூன் 10ஆம் திகதி நடந்த ஆட்டம் 1க்கு 1 என்று முடிந்தது. மூன்று நாள் கழித்து மீண்டும் ஆடினார்கள். உருகுவே 2க்கு 1 என்று வென்றது. காஸ்ட்ரோவுக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. கை, கால் இழந்தவர்களுக்கென்று தனி ஒலிம்பிக் இல்லாத காலம் அது.

மொன்டிவிடியோவுக்கும் புவனஸ் அயர்ஸுக்கும் இடையில் இருப்பது நீர்தான். ஒரு இரவுக் கப்பலில் போய்ச் சேரலாம். இரு பக்கமும் ஒரே மொழி. ஒரே டாங்கோ இசை. இரு நகரங்களிலும் மாட்டே என்ற ஒரே கசப்புப் பானத்தைக் குடிக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்த ஒரே வகையான குடும்பங்கள். இவ்வளவு ஒற்றுமை உள்ளவர்களுக்கிடையில்தான் மிகக் கடுமையான போட்டி மூள்கிறது. அயலவனோடு தோற்பதுபோல வேறு யாரோடு தோற்பதும் வலிப்பதில்லை.

உலகக் கிண்ணத்தை முதலில் நடத்தும் உரிமை உருகுவேக்குக் கிடைத்ததற்கு இந்த ஒலிம்பிக் வெற்றிகளும் ஒரு காரணம். மற்றைய காரணம், நாட்டின் முதலாவது அரசியலமைப்பு நிறைவேறிய நூறாவது ஆண்டு 1930இல் வந்தது. வரும் அணிகளின் பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் தானே ஏற்பதாக உருகுவே அறிவித்தது. அப்படியிருந்தும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள்: பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா. வாரக்கணக்கில் கடலில் கிடக்க மற்றவர்கள் தயாராக இல்லை. மொத்தம் 13 அணிகள். இன்று ஒரு நாட்டின் விமானக் கட்டணத்துக்கே இலட்சக்கணக்கில் செலவிடும் இந்தப் போட்டி அப்படித்தான் தொடங்கியது.

நூற்றாண்டைக் குறிக்க நூற்றாண்டு மைதானம் என்ற பொருளில் சென்டெனாரியோ என்ற அரங்கைக் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் ஹுவான் அந்தோனியோ ஸ்காசோ. இரவும் பகலும் முறை மாறி ஆட்கள் வேலை செய்தும் போட்டி தொடங்கிய ஜூலை 13ஆம் திகதிக்கு அது தயாராகவில்லை. முதல் சில ஆட்டங்கள் நகரின் வேறு சிறிய மைதானங்களில் நடந்தன. அரங்கு திறக்கப்பட்டது ஜூலை 18ஆம் திகதி, அரசியலமைப்பின் நூறாவது ஆண்டு நிறைவன்று. அன்று உருகுவேயின் முதலாவது ஆட்டம், பெருவுக்கு எதிராக. கொங்கிறீற்று சில இடங்களில் காய்ந்துகூட இருக்கவில்லை.

பெரு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கடந்தும் கோல் இல்லை. புது அரங்கு, நூற்றாண்டு விழா, ஒலிம்பிக் சம்பியன்கள், நிறைந்திருந்த மக்கள். எல்லாம் அசிங்கமாகப் போகும் நிலை. 65ஆவது நிமிடத்தில் காஸ்ட்ரோ கோல் அடித்தார். ஆட்டம் 1க்கு 0 என்று முடிந்தது. சென்டெனாரியோ அரங்கின் முதலாவது கோலும், உலகக் கிண்ணத்தில் உருகுவேயின் முதலாவது கோலும் அவருடையவை.

இதற்குப் பரிசாக அடுத்த ஆட்டத்தில் அவரை அணியிலிருந்து நீக்கினார்கள்.

பயிற்றுவிப்பாளர் அல்பெர்டோ சுப்பிசி 31 வயது இளைஞர். பெருவுக்கு எதிரான ஆட்டம் அவருக்குத் திருப்தி தரவில்லை என்பது அடுத்த அணியைப் பார்த்தாலே தெரிகிறது. கண்டிப்பானவர். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கோல் காப்பாளர் மசாலி இரவில் தங்குமிட ஒழுங்கை மீறியதற்காகப் போட்டி தொடங்கும் முன்பே அணியை இழந்திருந்தார். காஸ்ட்ரோவின் இடத்துக்குப் பெலெக்ரின் அன்செல்மோ வந்தார். ருமேனியாவை 4க்கு 0 என்று வென்றார்கள். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவை 6க்கு 1. அன்செல்மோ இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். காஸ்ட்ரோ திரும்புவதற்கு வாசல் இல்லைபோல இருந்தது. அந்த நாட்களில் ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்றும் விதியே கிடையாது. அணியில் இல்லை என்றால் பார்வையாளர்தான்.

மற்றைய அரையிறுதியில் ஆர்ஜென்டீனா ஐக்கிய அமெரிக்காவை அதே 6க்கு 1 என்று வென்றது. ஆம்ஸ்டர்டாமில் சந்தித்த அதே இரண்டு பேர் இப்போது சொந்த ஆற்றங்கரையில்.

இறுதிப் போட்டிக்கு முதல்நாள் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சனம் முண்டியடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடக்கப் புறப்பட்டார்கள். ஆற்றில் கடும் பனிமூட்டம். பல கப்பல்கள் நேரத்துக்குக் கரை சேரவில்லை. வந்து சேர்ந்தவர்களிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று துறைமுகத்திலும் அரங்கின் வாசலிலும் சோதனை நடந்தது. ஆர்ஜென்டீனாவின் நடுக்கள வீரர் லூயிஸ் மொன்டிக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. அவர் அன்று தன் நிழலைப்போலத்தான் ஆடினார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து இதே மொன்டி இத்தாலி அணியில் ஆடி உலகக் கிண்ணத்தை வென்றார். இரண்டு நாடுகளுக்காக இரண்டு இறுதிப் போட்டிகளில் ஆடியவர் அவர் ஒருவரே.

நடுவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் லாங்கெனுஸ். தன் உயிருக்குப் பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும், ஆட்டம் முடிந்ததும் ஏறிப்போகத் துறைமுகத்தில் ஒரு கப்பல் தயாராக நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அவர் விசிலைக் கையில் எடுத்தார். மேலங்கி, கழுத்துப்பட்டி, முழங்காலோடு முடியும் காற்சட்டை அணிந்து ஒரு கனவானைப்போல மைதானத்துக்கு வந்தார். வந்ததும் முதல் வழக்கு: எந்தப் பந்து? இரண்டு அணிகளும் தங்கள் நாட்டுப் பந்தால்தான் ஆடுவோம் என்று நின்றன. முதல் பாதி ஆர்ஜென்டீனாவின் பந்து, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து என்று தீர்த்துவைத்தார். சிறுபிள்ளைச் சண்டைபோலத் தெரியலாம். பந்துகள் அளவிலும் பாரத்திலும் வேறுபட்ட காலம் அது.

அன்றைய உருகுவே அணியில் அன்செல்மோ இல்லை. உடல்நலக் குறைவு என்று சொல்லப்பட்டது. வேறு காரணங்களும் பேசப்பட்டன. எப்படியோ, 12 நாள் வெளியே இருந்த காஸ்ட்ரோ மத்திய முன்கள வீரராகத் திரும்பி வந்தார். உலகச் சம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில், கை இழந்த ஒருவரை முன்னால் நிறுத்துவதைப் பற்றி எவரும் இருமுறை யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் அங்கே நின்றது யாருடைய கருணையாலும் அல்ல. அன்று கிடைத்தவர்களில் அந்த இடத்துக்கு மிகப் பொருத்தமான ஆள் அவர்தான்.

அனைத்துலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கணக்குப்படி அரங்கில் 68,346 பேர். 12ஆவது நிமிடத்தில் டொராடோ உருகுவேக்காக முதல் கோல் அடித்தார். 20ஆவது நிமிடத்தில் பெய்செல்லே சமப்படுத்தினார். 37ஆவது நிமிடத்தில் ஸ்டாபிலே ஆர்ஜென்டீனாவை முன்னுக்குக் கொண்டுபோனார். அவர் முறையற்ற இடத்தில் நின்றார் என்று உருகுவே அணித்தலைவர் நசாசி நடுவரிடம் வாதாடினார். பலிக்கவில்லை. ஆர்ஜென்டீனாவின் பந்தோடு நடந்த முதல் பாதி ஆர்ஜென்டீனாவுக்கு 2க்கு 1.

இடைவேளைக்குப் பின் உருகுவேயின் பந்து. 57ஆவது நிமிடத்தில் செயா. 68ஆவது நிமிடத்தில் இரியார்ட்டே. 3க்கு 2. பந்துதான் ஆட்டத்தை மாற்றியது என்று ஆர்ஜென்டீனாவில் பல வருடம் பேசினார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஆர்ஜென்டீனாவின் இளம் முன்கள வீரர் வரால்லோ முழங்கால் காயத்தோடு களமிறங்கியிருந்தார். இரண்டாம் பாதியில் அவரால் ஒழுங்காக ஓட முடியவில்லை. மாற்ற விதியும் இல்லை. அப்படியும் கடைசி இருபது நிமிடம் உருகுவேயின் கோல் பக்கத்தில்தான் பதற்றம். அதன்பிறகு 89ஆவது நிமிடம், டொராடோவின் பந்து, காஸ்ட்ரோவின் தலை. 4க்கு 2.

இந்த அரங்கின் முதல் கோலை அடித்தவரே இந்தப் போட்டியின் கடைசிக் கோலையும் அடித்தார். இடையில் அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் உருகுவே முழுவதும் அரசாங்க விடுமுறை. ஆற்றின் மறுகரையில் புவனஸ் அயர்ஸில் கூட்டம் உருகுவே துணைத்தூதரகத்துக்குக் கல்லெறிந்தது. இரு நாட்டு உதைபந்தாட்டச் சங்கங்களும் உறவை முறித்துக்கொண்டன. ஐந்து கிழமை கழித்து, செப்டெம்பர் 6ஆம் திகதி, ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1933 மார்ச்சில் உருகுவேயின் ஜனாதிபதி கப்ரியேல் டெர்ரா நாடாளுமன்றத்தைக் கலைத்துச் சர்வாதிகாரியானார். எந்த அரசியலமைப்பின் நூற்றாண்டுக்காக அந்த அரங்கு கட்டப்பட்டதோ, அந்த வழியில் வந்த சனநாயகம் மூன்றே வருடத்தில் வீழ்ந்தது. கிண்ணம் அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

காஸ்ட்ரோ செய்த அடுத்த காரியம் பலருக்கு விளங்கியிருக்காது. 1932இல் ஆற்றைக் கடந்து ஆர்ஜென்டீனாவுக்கே போனார். லா பிளாட்டா நகரின் எஸ்டுடியான்டெஸ் கழகத்தில் சேர்ந்தார். ஆர்ஜென்டீனாவில் அப்போதுதான் உதைபந்தாட்டம் சம்பளத்துக்கு ஆடும் தொழிலாக மாறியிருந்தது. யாருடைய நெஞ்சில் கடைசி ஆணியை அடித்தாரோ அந்த ஊர்ச் சனத்தின் முன்னால் வாரம்தோறும் ஆடினார். வரால்லோவும் அதே லா பிளாட்டாவின் பிள்ளைதான். பகை என்று வெளியில் பேசுகிறவர்களைவிட அந்தப் பகையின் நடுவில் நின்று ஆடியவர்கள் ஒருவரோடு ஒருவர் சுலபமாகப் பழகிவிடுகிறார்கள்.

அங்கே அதிக காலம் தங்கவில்லை. மீண்டும் நாசியோனலுக்கு வந்தார். வந்த இடத்தில் அவருக்காகக் காத்திருந்தது உருகுவே உதைபந்தாட்டத்தின் மிக விசித்திரமான ஒரு இறுதிப் போட்டி. 1933ஆம் ஆண்டின் சம்பியனைத் தீர்மானிக்க நாசியோனலும் பெனரோலும் 1934 மே மாதம் மோதின. பெனரோல் அடித்த பந்து கோலுக்கு வெளியே போய், அங்கே இருந்த நாசியோனல் உடற்சிகிச்சையாளரின் பெட்டியில் பட்டுத் திரும்பி மைதானத்துக்குள் வர, அதை அடித்துக் கோலாக்கினார்கள். நடுவர் கோல் என்றார். பெரும் கலவரம். நாசியோனலில் இரண்டு பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஆட்டம் இடையில் நின்றது. பின்னர் கோல் இரத்துச் செய்யப்பட்டு, மீதி ஆட்டம் ஆகஸ்டில் பார்வையாளர் இல்லாமல் தொடர்ந்தது. 9 பேரோடு நின்ற நாசியோனல் 11 பேரையும் மேலதிக நேரம் முடியும்வரை கோல் அடிக்கவிடாமல் தடுத்தது. அடுத்த ஆட்டமும் முடிவில்லாமல் போனது. கடைசியாக நவம்பர் 18ஆம் திகதி நாசியோனல் 3க்கு 2 என்று வென்றது. மூன்று கோல்களும் காஸ்ட்ரோவுடையவை. அப்போது அவருக்கு 30 வயது ஆக இன்னும் 11 நாள்.

அந்த வருடம் இத்தாலியில் நடந்த இரண்டாவது உலகக் கிண்ணத்துக்கு உருகுவே போகவில்லை. 1930இல் ஐரோப்பியர்கள் வராததற்குக் காட்டிய கோபமும் அதில் இருந்தது. நடப்புச் சம்பியன் பங்குபற்றாத ஒரே உலகக் கிண்ணம் அது. அரசுகளும் சங்கங்களும் எடுக்கும் முடிவுகளில் வீரர்களின் வயது கணக்கில் வருவதில்லை. காஸ்ட்ரோவுக்கும் அவரது தோழர்களுக்கும் இரண்டாவது வாய்ப்பு வரவில்லை.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. 1930 இறுதிப் போட்டியின் கசப்பினால் தென் அமெரிக்கச் சம்பியன் போட்டி 1929க்குப் பின் நடத்தப்படவே இல்லை. ஆறு வருடம் கழித்து 1935 ஜனவரியில் பெருவின் தலைநகர் லீமாவில் மறுபடி கூடினார்கள். உருகுவே அணியில் பெரும்பாலானோர் வயதானவர்கள் என்று கேலி செய்யப்பட்டார்கள். கடைசி ஆட்டம் மறுபடியும் ஆர்ஜென்டீனாவோடு. வழமையான வானநீல உடை இல்லாமல் சிவப்பு உடையோடு வந்த அந்தக் கிழவர்கள் 3க்கு 0 என்று வென்றார்கள். முதல் கோல் காஸ்ட்ரோ.

நாட்டுக்காக அவர் ஆடியது 25 ஆட்டங்கள், அடித்தது 18 கோல்கள். 1936இல் ஆடுவதை நிறுத்தினார். ஆனால் கழகத்தை விட்டுப் போகவில்லை. பயிற்றுவிப்பாளரானார். நாசியோனல் 1939 முதல் 1943 வரை தொடர்ந்து ஐந்து வருடம் நாட்டின் சம்பியனாக இருந்தது. அவற்றில் கடைசி நான்கும் காஸ்ட்ரோவின் பொறுப்பில் கிடைத்தவை. 1941இல் லீக் போட்டியின் 20 ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. அதே வருடம் பெனரோலை 6க்கு 0 என்று தோற்கடித்ததை நாசியோனல்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1952இல் மறுபடி வந்து இன்னொரு சம்பியன் பட்டம். விளையாடியபோது கிடைத்த புகழின் நிழலில் இந்தக் காலம் மறைந்துவிட்டது. எனக்கென்னவோ இதுதான் பெரிதாகப் படுகிறது. உடல் வலு இருந்தபோது ஓர் ஆளுக்கு இடம் கொடுப்பது ஒன்று. அந்த வலு போன பின்னும் அவரது அறிவை நம்பி ஒரு அணியையே ஒப்படைப்பது வேறு. நமது பகுதிகளில் அவயவம் இழந்த இளைஞர்கள் ஒரு நாள் விளையாட்டு விழாவில் மேடையேற்றப்படுவதைப் பார்த்திருக்கிறோம். மறுநாள் அவர்களுக்கு என்ன பொறுப்புக் கொடுத்தோம் என்று கேட்டால் பதில் குறைவு.

1959இல் சிறிது காலம் உருகுவே தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். மறுவருடம், 1960 செப்டெம்பர் 15ஆம் திகதி, மொன்டிவிடியோவில் மாரடைப்பால் காலமானார். வயது 55. அவரோடு ஆடியவர்களில் புகழ்பெற்ற கறுப்பின வீரர் ஹொசே லியாண்ட்ரோ அன்ட்ராடே மூன்று வருடம் முன்பே வறுமையில் இறந்திருந்தார். காஸ்ட்ரோவின் முடிவு அப்படி இருக்கவில்லை.

சென்டெனாரியோ அரங்கு இன்னும் நிற்கிறது. 1983இல் அனைத்துலகச் சம்மேளனம் அதை உதைபந்தாட்டத்தின் வரலாற்று நினைவுச் சின்னமாக அறிவித்தது. முழங்கால் வலியோடு அன்று ஆடிய வரால்லோ 100 வயதுவரை வாழ்ந்தார். 4க்கு 2 என்ற அந்தக் கணக்கை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசினார். 2010 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, காஸ்ட்ரோ அந்தப் பந்துக்கு எழும்பியதை மைதானத்துக்குள் நின்று பார்த்த 22 வீரர்களில் கடைசி ஆளும் போய்விட்டார்.